அரசு உதிர்வது எப்போது?

வாடிப்பட்டி தாலூகாவில் வைகைக் கரையோரக் கிராமம் ஒன்றில் அண்மையில் கட்சி வகுப்பு நடந்தது. நடவு முடித்து வந்த பெண்களும், ஷிப்டு முடிந்து மதுரையிலிருந்து வந்த ஆலைத் தோழர்களும் கூடியிருந்தார்கள். வர்க்க பேதமில்லாத சமுதாயம், அரசே தேவைப்படாத சமுதாயம் என்பதை நாம் விளக்கி முடித்ததும், ஒரு விவசாயத் தொழிலாளித் தோழர் எழுந்து கேட்டார்:

"தோழர், துப்பாக்கி எடுத்து இந்த அரசைக் கவுத்துட்டா, போலீசு, தாசில்தாரு, ஜெயிலு ஒண்ணுமில்லாத காலம் வந்துருமா? இல்ல, பழைய தாசில்தாரு நாற்காலியில புதுசா ஒருத்தரு வந்து உக்காருவாரா?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல. நூறாண்டுகளுக்கு மேலாக உலகத் தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்திப் பதில் தேடிய கேள்வி. அன்று நாம் சொன்ன பதில் நமக்கே திருப்தியாக இல்லை. ஆகவே இந்தத் தலையங்கத்தை அந்தத் தோழருக்கே எழுதுகிறோம்.

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரமும் இருக்கிறது. 2025 மே 21 அன்று சத்தீஸ்கர் காடுகளில் மாவோயிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் பசவராஜும் அவரோடு இருந்தவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அக்கட்சியின் மூத்த தலைவர் மல்லோஜுலா வேணுகோபால் ராவ் 60 பேரோடு கட்சிரோலியில் ஆயுதங்களை ஒப்படைத்தார். 2026 மார்ச் 31க்குள் அவர்களை ஒழித்துவிடுவோம் என்று மத்திய உள்துறை மந்திரி தேதி குறித்தார். சொந்த நாட்டு மக்களை வேட்டையாடத் தேதி குறிப்பது நாகரிக சர்க்காரின் லட்சணமல்ல. பேச்சுவார்த்தைக்குக் கதவைத் திற என்று இடதுசாரிகள் கேட்டது நியாயமே. ஆனால் அத்தோடு நமது கடமை தீர்ந்துவிடாது. ஆயுதத்தின் வழியே அரசில்லாத உலகுக்குப் போக முடியுமா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நமது கட்சியும் ஒரு காலத்தில் அந்த வழியில் நடந்த கட்சிதான்.

சர்க்கார் வேறு, அரசு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுவது சர்க்கார். அரசு அப்படி மாறுவதில்லை. போலீஸ், பட்டாளம், ஜெயில், கோர்ட்டு, பட்டா எழுதுகிற ஆபீஸ் எல்லாம் சேர்ந்ததுதான் அரசு. நிலமும் ஆலையும் சிலர் கையில் இருக்கிறவரை, இல்லாதவர்களை அடக்கிவைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடே அரசு என்பது மார்க்சியத்தின் பாடம்.

மதுரைச் சீமைக்கு இந்தப் பாடத்தைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் துப்பாக்கி போகவில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறைக்குள், கையில் ஆயுதமில்லாத கம்யூனிஸ்ட் கைதிகள் மீது சுட்டார்கள். 22 தோழர்கள் விழுந்தார்கள். மறு ஆண்டு, 1951ல், நமது மதுரைச் சிறையில் தோழர் பாலுவைத் தூக்கிலிட்டார்கள்.

ஆகவே, வன்முறை கூடாது என்று நமக்கு உபதேசிக்கிறவர்கள் முதலில் அந்த உபதேசத்தை மேலே பார்த்துச் சொல்லட்டும். வன்முறையை உழைப்பாளி தொடங்கிவைத்ததில்லை. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்து எரித்தது யார்? அரைப்படி நெல் கூலி அதிகம் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தானே அவர்கள் செய்த குற்றம்? அடிக்க வருகிறவனின் கையைத் தடுக்கிற உரிமை எல்லா மனிதருக்கும் உண்டு. அந்த உரிமையை நாம் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

ஆனால் தற்காப்பு வேறு, துப்பாக்கியையே புரட்சியாக நினைப்பது வேறு. வெண்மணி வழக்கில் கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973ல் விடுதலை செய்தது. 1980ல் அவர்களில் முதன்மையானவரான கோபாலகிருஷ்ண நாயுடுவை ஆயுதக் குழு ஒன்று வெட்டிக் கொன்றது. நீதி மறுக்கப்பட்டவர்களின் நெஞ்சம் அன்று ஆறியிருக்கலாம். அதைப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் அல்ல நாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மிராசுதார் செத்தார், மிராசு சாகவில்லை. கூலியை உயர்த்தியதும், சாணிப்பாலையும் சவுக்கடியையும் ஒழித்ததும், ஊர் ஊராகச் சங்கம் வைத்த ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களுமே.

தெலங்கானா சொல்லும் பாடம்

அரசை விரட்டிவிட்டு ஜனங்களே ஆண்ட இடம் நம் நாட்டில் உண்டா என்றால், உண்டு. அதுதான் தெலங்கானா.

1946 ஜூலை 4 அன்று கடவெண்டி கிராமத்தில் தேஷ்முக்கின் அடியாட்கள் சுட்டு தொட்டி கொமரய்யா மாண்டார். அந்தப் பொறி நைஜாம் ராஜ்யம் முழுவதும் பற்றியது. ஏறத்தாழ 3,000 கிராமங்களில் தேஷ்முக்குகளும் ரஜாக்கர்களும் விரட்டப்பட்டார்கள். 10 லட்சம் ஏக்கர் நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. வெட்டி என்ற இலவச ஊழியம் ஒழிந்தது. கிராமக் கமிட்டிகள் நிலம் பிரித்தன, வழக்குத் தீர்த்தன, கூலி நிர்ணயித்தன. தாசில்தார் இல்லாமலே ஊர் நடந்தது.

இதில் எது துப்பாக்கியின் வேலை, எது கமிட்டியின் வேலை? ரஜாக்கரை விரட்டியது தடியும் கவணும் பிறகு துப்பாக்கியும்தான். அதை மறுப்பவன் சரித்திரத்தை மறுக்கிறான். ஆனால் யாருக்கு எந்த வயல் என்று மரத்தடியில் உட்கார்ந்து அளந்து கொடுத்தது துப்பாக்கி அல்ல; ஜனங்கள் கூடிப் பேசிய கமிட்டி.

1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்தது. நைஜாம் பணிந்தார். ரஜாக்கர் கொடுமை ஒழிந்தது என்று ஜனங்களில் பெரும்பகுதியினர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்த நேரத்தில் கட்சி ஜனங்களின் நாடித்துடிப்பைப் பார்க்கத் தவறியது. நாடே புரட்சிக்குத் தயார் என்று 1948 கல்கத்தா மாநாட்டின் வழியில் கணித்தோம். தெலங்கானாவின் ஆயுதக் குழுக்கள் காடுகளுக்குப் பின்வாங்கின. கிராமத்தில் கமிட்டி கூட முடியவில்லை. கமிட்டி கூடாத இடத்தில் குழுவின் தளபதி சொல்வதே சட்டமாயிற்று. அந்தத் தளபதி எவ்வளவு உத்தமராக இருந்தாலும் நிலைமை அதுதான். 4,000 பேர் உயிர் கொடுத்த அந்தப் போராட்டம் 1951 அக்டோபரில் வாபஸ் பெறப்பட்டது.

அந்தத் தியாகத்துக்குத் தலை வணங்குகிறோம். தலை வணங்குவது என்றால் தவறை மூடிமறைப்பது அல்ல. சில மாதங்களிலேயே ஜனங்கள் நமக்குப் பாடம் சொன்னார்கள். 1952 தேர்தலில் நல்கொண்டாவில் ரவி நாராயண ரெட்டியை, நேருவுக்குக் கிடைத்ததைவிட அதிக ஓட்டுகள் போட்டு லோக்சபைக்கு அனுப்பினார்கள். நமது மதுரையில், சிறையிலிருந்த தோழர் பி.ராமமூர்த்தியைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னை ராஜதானிச் சட்டசபையில் கட்சிக்கு 62 இடங்கள் கிடைத்தன. அதே ஆண்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜனங்கள் நம்மைக் கைவிடவில்லை. காட்டிலிருந்து ஊருக்குத் திரும்பி வா என்றுதான் சொன்னார்கள்.

இன்றைய மாவோயிஸ்டுகளின் அனுபவமும் இதுவே, இன்னும் கசப்பாக. 1967ல் நக்சல்பாரியில் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் போராடினார்கள். பஸ்தர் காடுகளில் ஜனதன சர்க்கார் என்று கமிட்டிகள் வைத்தார்கள். காட்டு இலாகாவும் வட்டிக்காரனும் சுரண்டிய ஆதிவாசிக்கு அது ஓரளவு துணையாகவும் இருந்தது. ஆனால் உளவாளி என்று சந்தேகம் வந்தால் அங்கே அப்பீல் கிடையாது. ஜனங்களின் கோர்ட்டு என்ற பெயரில் துப்பாக்கி தீர்ப்புச் சொன்னது. கோர்ட்டும் தண்டனையும் மட்டும் இருந்து, கேள்வி கேட்கிற உரிமை இல்லாவிட்டால் அது அரசு ஒழிந்த இடமல்ல; சிறிய அரசு ஒன்று முளைத்த இடம்.

பெரிய தேசத்தில் நடந்தது

இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் பார்க்க ரஷ்யாவுக்குப் போக வேண்டும். 1917ல் தலைமறைவாக இருந்தபடி லெனின் ஒரு நூல் எழுதினார். 1871ல் 72 நாட்கள் பாரிஸ் நகரைத் தொழிலாளிகள் ஆண்ட கம்யூனை அதில் அவர் உதாரணம் காட்டினார். உத்தியோகஸ்தனுக்குத் தொழிலாளியின் சம்பளமே கொடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தவர்கள் விரும்பினால் அவனைத் திரும்ப அழைக்க வேண்டும். நிர்வாகக் கணக்கை எல்லோரும் முறைவைத்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அரசு மெல்ல மெல்ல வாடி உதிரும் என்பது அவர் வாதம்.

நடந்தது என்ன? சோவியத் ஜனங்கள் எழுத்தறிவு பெற்றார்கள், தொழில் வளர்த்தார்கள், 1945ல் ஹிட்லரை முறியடித்து உலகைக் காத்தார்கள். அந்தப் பெருமையை எவரும் பறிக்க முடியாது. ஆனால் அரசு உதிரவில்லை. சுற்றிலும் அந்நியப் படைகள், உள்ளே உள்நாட்டு யுத்தம், பஞ்சம். இந்த நெருக்கடியில் சோவியத்துகளிடமிருந்த அதிகாரம் கட்சிக் கமிட்டிக்குப் போயிற்று. கமிட்டியிடமிருந்து காரியாலயத்துக்கும், அங்கிருந்து ரகசியப் போலீசுக்கும் போயிற்று. 1937-38ல் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் பேர் சுட்டுக் கொல்லப்பட்டதாக அந்த அரசின் தஸ்தாவேஜுகளே சொல்கின்றன. புரட்சி செய்த பழைய போல்ஷ்விக்குகளும் அவர்களில் இருந்தார்கள். 1980க்குள் கம்யூனிச சமுதாயத்தை அடிப்படையில் கட்டி முடிப்போம் என்று 1961ல் வேலைத்திட்டம் போட்டார்கள். 1991ல் அந்த அரசு விழுந்தபோது, தமது பெயரால் ஆண்ட அரசைக் காக்கத் தொழிலாளிகள் பெருந்திரளாகத் தெருவுக்கு வரவில்லை. ஏன்? அது தங்கள் கையில் இல்லை என்று அவர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும்.

ஒரே மூச்சில் சொர்க்கத்தைக் கட்டுகிறோம் என்று கிளம்பியவர்களும் உண்டு. 1975ல் கம்போடியாவில் போல்பாட் கூட்டம் நகரங்களைக் காலி செய்தது, பணத்தை ஒழித்தது, எல்லோரையும் வயலுக்கு விரட்டியது. நான்கு ஆண்டுகள் முடிவதற்குள் 15 லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். 1979 ஜனவரியில் வியத்நாம் படைதான் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது. ஜனங்களைத் துப்பாக்கிமுனையில் சொர்க்கத்துக்கு ஓட்டிச் செல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

துப்பாக்கியின் தன்மையே இதுதான். யுத்தம் என்றால் ரகசியம் வேண்டும். மேலிடத்து உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும். கேள்வி கேட்பவன் மீது சந்தேகம் வரும். யுத்தத்தில் இவை இல்லாமல் ஜெயிக்க முடியாது. ஆனால் அரசு உதிர வேண்டுமானால் தேவைப்படுவது நேர் எதிரானவை: பகிரங்கமான கணக்கு, தைரியமான கேள்வி, தலைவனை மாற்றும் உரிமை. யுத்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் ஜெயித்த மறுநாளே இந்தப் பழக்கத்துக்கு மாறுவது கடினம். பாரிஸ் கம்யூனைப் போற்றிய மார்க்சே, மறு ஆண்டு 1872ல் ஆம்ஸ்டர்டாமில் பேசும்போது, சில நாடுகளில் தொழிலாளிகள் சமாதான வழியிலும் லட்சியத்தை எட்டலாம் என்றார். ஆயுதம் அவருக்கு வழிபடும் தெய்வமாக இருக்கவில்லை.

அரசு போனால் போதுமா?

"அப்படியானால் அரசை விடுங்கள், ஊர் தன்னைத் தானே ஆளட்டும்" என்று சிலர் சொல்லலாம். மேலூர்ப் பக்கம் வந்து பார்க்கட்டும். மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது தவிர முருகேசன் வேறு குற்றம் செய்யவில்லை. 1997 ஜூன் 30 அன்று அவரும் அவரோடு பயணம் செய்தவர்களும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பஞ்சாயத்துகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதனாலேயே 1996 முதல் பத்து ஆண்டுகள் தேர்தலை ஒழுங்காக நடத்த விடவில்லை. 2006 அக்டோபரில்தான் முறையாக நடந்தது.

அந்த ஊர்களில் அன்று அரசு ஒதுங்கி நின்றது. அரசு ஒதுங்கிய இடத்தில் சுதந்திரமா வந்தது? சாதி ஆதிக்கமும் நில ஆதிக்கமும் தர்பார் நடத்தின. நிலம் ஒருவன் கையிலும், பயம் இன்னொருவன் நெஞ்சிலும் இருக்கிறவரை, போலீஸ் ஸ்டேஷனைப் பூட்டினால் சாவி ஆதிக்கக்காரன் மடிக்குத்தான் போகும். ஆகவே முதலில் ஒழிய வேண்டியது அரசு அல்ல. அரசைத் தேவையாக்குகிற ஏற்றத்தாழ்வு. அது ஒழிய ஒழியத்தான் இது உதிரும்.

நம் கையில் இருப்பது

அரசு உதிர்ந்த சமுதாயம் எந்தத் தேசத்திலும் இன்றுவரை வரவில்லை. இதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் விதை நம் கண்முன் இருக்கிறது.

பெரியாறு-வைகைப் பாசனத்துக் கண்மாய்களில் நீர்க்கட்டி முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்திருக்கிறோம். மடை திறக்க அவர் கையில் துப்பாக்கி இல்லை. எந்த வயல் காய்கிறது, யாருக்கு எப்போது முறை என்பது அவருக்குத் தெரியும். முறை சரி என்று ஊருக்கும் தெரியும். அவர் பெரும்பாலும் தலித். களத்தில் நெல் வாங்கிப் பிழைத்தவர். அதில் அநீதி உண்டு. அந்த அநீதியை நீக்கிவிட்டு முறையை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன மிஞ்சுகிறது? மனிதரை ஆள்வது போய், தண்ணீரை நிர்வகிப்பது மட்டும் மிஞ்சுகிறது.

கண்ணூரில் 1969ல் பீடித் தொழிலாளிகள் தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். சட்டப்படி கூலி கொடுக்க மறுத்து முதலாளிகள் கதவடைத்தபோது, இடதுசாரி சர்க்காரின் உதவியோடு வேலையைத் தாங்களே நடத்தினார்கள். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி பீடி சுற்றினார்கள். பிற்காலத்தில் பீடித் தொழிலே சுருங்கியது; ஆட்கள் குறைந்தார்கள். ஆனாலும் முதலாளி இல்லாமல் தொழில் நடக்காது என்ற பொய்யை அவர்கள் உடைத்துக் காட்டினார்கள்.

தோழரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். துப்பாக்கி பழைய தாசில்தாரை விரட்டக்கூடும். அந்த நாற்காலியைக் காலியாக வைக்க அதனால் முடியாது. நாற்காலி வேண்டாம் என்று சொல்லத் தகுதி உள்ள ஜனங்கள் இல்லாவிட்டால், புதியவர் வந்து உட்காரத்தான் செய்வார். அவர் நம் கட்சிக்காரராகவும் இருக்கலாம். சமாதான வழியிலேயே மாற்றம் வர வேண்டும் என்பது நமது விருப்பம். ஆளும் வர்க்கம் அந்த வழியை அடைத்தால் தடுத்து நிற்போம். ஆனால் எந்த வழியில் அதிகாரம் வந்தாலும், அது ஜனங்கள் கையில் தங்குமா என்பது இன்றைய பழக்கத்தைப் பொறுத்தது.

ஆகவே நம்மையே சோதித்துப் பார்ப்போம். சங்கக் கணக்கு வருஷந்தோறும் எல்லோர் முன்பும் வாசிக்கப்படுகிறதா? சாதாரண அங்கத்தினர் எழுந்து செயலாளரைக் கேள்வி கேட்டால், பதில் வருகிறதா, முறைப்பு வருகிறதா? கமிட்டியில் பெண்கள் எத்தனை பேர்? தலித் தோழர் தலைமை வகிக்கும் கூட்டத்தில் எல்லோரும் மனமாரப் பங்கெடுக்கிறோமா? மே 1 கிராம சபையில் ஊர்க் கணக்கைக் கேட்டு வாங்குகிறோமா, தலைவர் நீட்டும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோமா?

இந்தக் கேள்விகளுக்கு வெட்கப்படாமல் பதில் சொல்ல முடிகிற நாளில், அரசு உதிரும் காலத்தை நோக்கி ஓர் அடி வைத்திருப்போம். சொல்ல முடியாவிட்டால், ஆயிரம் துப்பாக்கி இருந்தாலும் நாம் கட்டப்போவது இன்னொரு கச்சேரியும் இன்னொரு ஜெயிலும்தான்.

வகுப்பில் கேள்வி கேட்ட தோழருக்கு நன்றி. அடுத்த வகுப்பில் அவர் இன்னும் கடினமான கேள்வி கேட்கட்டும். கேள்வி கேட்கிற தொழிலாளியே புரட்சியின் காவலன்.

சங்கத்தைப் பலப்படுத்துவோம்! கமிட்டிகளை ஜனங்களிடம் ஒப்படைப்போம்!

தொழிலாளி - விவசாயி ஒற்றுமை ஓங்குக!